தாளுக்கு வராத எழுத்து

முதலில் என்னை மன்னிக்க வேண்டும். என் கையெழுத்து கோழி கிளறிய மண் மாதிரி இருக்கும். எந்த இடத்தில் ஒற்று வரும், எந்த ரகரம், எந்த னகரம் என்பதில் எனக்கு இன்றும் தடுமாற்றம் உண்டு. ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. பிழைகளைத் தாண்டிப் படித்துக்கொண்டு போங்கள்.

கல்வெட்டுப் பட்டறையில் எழுத்து வேலை பார்த்தவனுக்கா இப்படி ஒரு கையெழுத்து என்று உங்களுக்குத் தோன்றலாம். நான் எழுத்தை எழுதியவன் இல்லை. தாளில் இருக்கும் எழுத்தைக் கல்லுக்கு மாற்றிக் கொடுத்தவன். இரண்டும் வேறு வேறு வேலை.

மூச்சில் கல் தூசி சேர்ந்துவிட்டது என்று டாக்டர் சொன்னதால் சென்ற ஆண்டு வேலையை விட்டேன். என் இடத்துக்கு வினோதினி என்ற பெண் வந்திருக்கிறாள். நன்றாகப் படித்தவள், கெட்டிக்காரி. போன மாதம் ஒரு நாள் போன் செய்தாள்.

"அண்ணா, கஸ்டமர் மெயில்ல அனுப்பிச்சாரு. அவர் வூட்டுல நல்லா தெரியுதாம். இங்க தொறந்தா எல்லாம் கட்டம் கட்டமா கீது. பிரின்டர் ரிப்பேரா?"

"பிரின்டர் பாவம்மா, அதுக்கு ஒண்ணுமில்ல. அந்த மெஷின்ல அவரோட ஃபாண்ட் இல்ல" என்று சொல்லி, செய்ய வேண்டியதைச் சொன்னேன். சிறிது நேரத்தில் மறுபடி கூப்பிட்டு, சரியாகிவிட்டது என்றாள். "இதெல்லாம் எங்கண்ணா படிச்சீங்க? எழுதிக் குடுங்க, நான் டைப் பண்ணி வச்சிக்கறேன்" என்றாள். நேரில் கேட்டிருந்தால் கூச்சத்தில் ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். போனில் கேட்டதால் சரி என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் பட்டறை மாமல்லபுரத்தில் ஒரு குறுக்குத் தெருவில் இருக்கிறது. சாமி சிலை செய்யும் பட்டறை இல்லை. பெயர்க் கல், திறப்பு விழாக் கல், கல்லறைக் கல், ஓட்டல் வாசல் கல் இவைதான் எங்கள் பிழைப்பு. பூஞ்சேரியிலிருந்து சைக்கிளில் போய் முதலில் கல்லுக்குப் பாலிஷ் போட்டேன். பிறகு எழுத்துப் படியெடுக்கும் வேலைக்கு மாற்றினார்கள். பாலிஷ் போட்ட கல்லின் மேல் வெள்ளைப் பெயின்டை மெல்லப் பூசிக் காயவிடுவோம். அதன் மேல் கார்பன் தாள், அதற்கு மேல் எழுத்துத் தாள். மொட்டைப் பென்சிலால் ஓரத்தை அழுத்திப் போனால் கல்லில் கோடு விழும். அந்தக் கோட்டில் உளிக்காரர் வெட்டுவார். எங்கள் உளிக்காரர் கோதண்டம் கல்லைத் தலைகீழாகத் திருப்பி வைத்துத்தான் வெட்டுவார். "படிச்சிகினே வெட்டுனா கை அடுத்த எழுத்துக்குத் தாவும். நான் கோட்டைத்தான் பாப்பேன், எழுத்தை நீ பாரு" என்பார். அதனால் தாளில் என்ன இருக்கிறதோ அதுதான் கல்லில் வரும். தாள் வரைக்கும் என் பொறுப்பு.

பட்டறையை நடத்தியவர் சரோஜா அக்கா. அவர் கணவர் கல் எடுக்க லாரியோடு போய்விடுவார். ஆர்டர் வாங்குவது, வேலையைச் சரிபார்ப்பது எல்லாம் அக்காதான். எழுத்துத் தாளை அக்கா சரிபார்க்கும் விதத்தைச் சொல்ல வேண்டும். இரண்டு கம்பத்துக்கு நடுவே கட்டிய கயிற்றில் துணிக் கிளிப்பால் தாளை மாட்டச் சொல்வார். பிறகு தெருக் கேட் வரைக்கும் நடந்து போவார். அங்கே திரும்பி நின்று, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பார்ப்பார். "போட்டுகினு பாருங்கக்கா" என்று புதிதில் ஒருமுறை சொன்னேன். "தெருவுல போறவன் கல்லைப் படிக்கறதுக்குன்னு கண்ணாடி எடுத்துகினா வரான்?" என்றார். தாள் பிடித்திருந்தால் அப்படியே எதிர்க் கடைக்கு டீ குடிக்கப் போய்விடுவார். பிடிக்கவில்லை என்றால், "இன்னொரு தாட்டி" என்பார். மறுபடி செய் என்று அர்த்தம். என்ன குறை என்று சொல்ல மாட்டார். நாமே கண்டுபிடிக்க வேண்டும்.

முதலில் தாளில் எழுத்து வரைந்து கொடுத்தவர் ஒரு போர்டு ஆர்டிஸ்ட். அவர் பெங்களூருக்கு நல்ல வேலை கிடைத்துப் போனார். அவருக்குப் பதில் ஆள் கிடைக்கவில்லை. அக்கா யோசித்துவிட்டு, கேளம்பாக்கத்தில் ஃபிளாட்டைக் காலி செய்த ஒருவரிடம் பழைய கம்ப்யூட்டரும் பிரின்டரும் வாங்கினார். பட்டறையில் வைத்த ஒரு வாரத்தில் தூசி புகுந்து அது நின்றுவிட்டது. ரிப்பேர் செய்ய வந்தவர், "இத வூட்டுல வைங்க, இங்க வச்சா செத்துடும்" என்றார். அக்கா என்னைப் பார்த்தார். "ஏழுமல, உன் வூட்டுல வச்சிக்க. தாள அங்க அடி, இங்க எடுத்தா."

கல் வெட்டும் பட்டறையின் பிரின்டர் அப்படித்தான் என் வீட்டுக்கு வந்தது. என் மனைவி லட்சுமி தன் பழைய சேலையை மடித்து அதற்குப் போர்வை தைத்தாள். வருகிறவர்களெல்லாம் டிவியா என்று கேட்டார்கள்.

எனக்கு யாரிடமும் ஒன்றைக் கேட்க வாய் வராது. கேட்டால் படிக்காதவன் என்று தெரிந்துவிடும் என்ற கூச்சம். அதனால் அச்சடித்து அச்சடித்துப் பார்ப்பேன். தாள் என்னைப் பார்த்துச் சிரிக்காது. ஆனால் முதல் தடவையே தாளால் ஆகாத சிக்கல் ஒன்று வந்தது. ஒரு ஓட்டல்காரர் ஃபிளாப்பியில் கல்வெட்டு வாசகம் கொடுத்தார். வீட்டில் திறந்தால் தமிழ் இல்லை. கொம்பு, குறி, தலையில் புள்ளி வைத்த இங்கிலீஷ் எழுத்து என்று கண்டபடி நின்றன. ஃபிளாப்பியில் பூஞ்சை பிடித்துவிட்டது என்று நினைத்து வெயிலில்கூடக் காயவைத்தேன்.

வேறு வழியில்லாமல் செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறினேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் டிடிபி சென்டர் வைத்திருந்த நசீர் பாய் அக்காவுக்குத் தெரிந்தவர். நான் வாயைத் திறக்கும் முன்பே ஃபிளாப்பியை வாங்கிப் போட்டுப் பார்த்துச் சிரித்தார்.

"இதுல எழுத்தே இல்லண்ணே. நம்பர்தான் கீது. இந்த நம்பருக்கு இன்னா எழுத்துன்னு சொல்றது ஃபாண்ட். அந்த ஃபாண்ட் உங்க வூட்டு மெஷின்ல இல்லேன்னா அது தன்கிட்ட கீற எழுத்தத்தான் காட்டும்."

எனக்குப் புரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். திரும்பி வரும்போது திருக்கழுக்குன்றத்தில் பஸ் நின்றது. மலையடிவாரத்தில் செருப்பு விடுகிறவர்கள் டோக்கன் வாங்கிக்கொண்டு போனார்கள். அதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. டோக்கனில் நம்பர்தான் இருக்கிறது, செருப்பு இல்லை. அதே டோக்கனைத் திருப்போரூரில் கொண்டுபோய்க் கொடுத்தால் அந்த நம்பரில் யாருடைய செருப்போ வரும். நம் செருப்பு வேண்டும் என்றால் டோக்கன் வாங்கிய கடைக்கே போக வேண்டும். ஃபிளாப்பியில் வருவது டோக்கன். ஃபாண்ட் என்பது செருப்புக் கடை. அந்தக் காலத்தில் தமிழுக்கு ஊருக்கு ஒரு கடை இருந்தது. ஒரு கடையின் நம்பர் இன்னொரு கடையில் செல்லாது.

அன்றிலிருந்து ஃபிளாப்பி கொண்டுவருகிறவர்களிடம், "ஃபாண்டும் எடுத்தாங்க" என்று அக்காவைக் கேட்கச் சொன்னேன். கேட்க எனக்கு வாய் வராது, அக்காவுக்கு வரும்.

மற்றவற்றைத் தாளே சொல்லிக் கொடுத்தது. பெரிய எழுத்தை வீட்டுப் பிரின்டரில் ஒரே தாளில் அடிக்க முடியாது. மூன்று நான்கு தாளாகப் பிரித்து அடித்து ஒட்ட வேண்டும். முதல் தடவை ஒட்டியபோது ஒரு தாளின் கோடு அடுத்த தாளின் கோட்டோடு சேரவில்லை. அக்கா கேட்டிலிருந்து "இன்னொரு தாட்டி" என்றார். ஐந்தாறு தடவை அடித்த பிறகுதான் தெரிந்தது, தாளுக்குள் அடங்கும்படி சுருக்கு என்று ஒரு இடத்தில் டிக் இருந்திருக்கிறது. ஒவ்வொரு தாளையும் பிரின்டர் தன் இஷ்டத்துக்குச் சுருக்கியிருக்கிறது. டிக்கை எடுத்ததும் கோடுகள் கைகோத்துக்கொண்டன. இன்னொன்று, திரையில் அழகாக இருக்கிற ஃபாண்ட் எல்லாம் கல்லுக்கு ஆகாது. மெல்லிய கோடு உள்ள எழுத்தைக் கறுப்புக் கல்லில் வெட்டினால் ஓரம் உதிரும். கல்யாணப் பத்திரிகை எழுத்து மாதிரி வளைந்து நெளிந்து போகிற ஃபாண்ட் பத்தடி தள்ளி நின்றால் புழுக்கூட்டம் போலத் தெரியும். எல்லாம் அடித்துப் பார்த்த பிறகு கல்லுக்கு ஏற்ற ஃபாண்ட் என்று ஒன்றே ஒன்று தேறியது. கோடு முழுக்க ஒரே பருமன், சுழி நன்றாகத் திறந்திருக்கும். நசீர் பாய் கொடுத்தது. கிட்டத்தட்ட எல்லாக் கல்லுக்கும் அதையே போட்டோம்.

அந்த ஃபாண்டைக் கல்லில் வெட்டத் தொடங்கி சில மாதம் கழித்துத்தான் தேவராஜ் வந்தார்.

தேவராஜுக்குக் கல்பாக்கம் குடியிருப்பில் தோட்ட வேலை. தினக்கூலியாக இருந்து அப்போதுதான் நிரந்தரமாகியிருந்தார். சதுரங்கப்பட்டினத்துக்கு மேற்கே, அவருடைய அப்பா கூலிக்கு ஏர் ஓட்டிய ஊரிலேயே, இரண்டு அறை வைத்துத் தளம் போட்ட வீடு கட்டியிருந்தார். அவர் குடும்பத்தில் ஓலைக் கூரை இல்லாத முதல் வீடு. ஞாயிற்றுக்கிழமை புதுமனை புகுவிழா. பிளஸ் டூ படிக்கும் மகள் கலைவாணியைச் சைக்கிள் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு புதன்கிழமை பட்டறைக்கு வந்தார்.

"இன்னா எழுதணும்?" என்று அக்கா கேட்டார்.

"இருசன் இல்லம்னு போடுங்கம்மா. எங்க நைனா பேரு. வாசப்படிக்கு மேல வைக்கறதுக்கு."

"ஞாயித்துக்கெழமைக்குள்ளயா? கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம்."

"பூச்சு வேலை நேத்துதாம்மா முடிஞ்சுது. பேரு மட்டும் முப்பது வருசமா முடிவாயி கீது" என்றார்.

அக்கா அவர்களை என்னோடு அனுப்பினார். எங்கள் வீட்டில் சுவரில் ஒட்டியிருந்த மாதிரித் தாள்களைக் கலைவாணி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லாமலே கல்லுக்கு ஏற்ற அந்த ஒரு ஃபாண்டைத் தொட்டு, "அப்பா, இது தெளிவா கீது" என்றாள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். அவளையே அடிக்கச் சொன்னேன். திரையில் பெரிய எழுத்தில் 'இருசன் இல்லம்' என்று வந்தது. தேவராஜ் எழுந்து நின்று பார்த்தார். லட்சுமி காபி கொண்டுவந்தாள். பிரின்டர் தாளை மெல்ல மெல்ல வெளியே தள்ளியது.

தாளில் 'ருசன் ல்லம்' என்று இருந்தது.

கலைவாணி சிரித்துவிட்டாள். "அண்ணா, உங்க பிரின்டருக்குப் பசியா? ரெண்டு எழுத்த முழுங்கிடுச்சி."

"காலையில நாஸ்தா போடலியோ இன்னாவோ" என்று லட்சுமியும் சிரித்தாள்.

நான் மறுபடி அடித்தேன். அதேதான் வந்தது. இங்க் டப்பாவைக் கழற்றித் துடைத்துப் போட்டு அடித்தேன். கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டேன். திரையில் இரண்டு இகரமும் கால் மடித்து ஒழுங்காக உட்கார்ந்திருந்தன. தாளில் அவை இருந்த இடம்கூட இல்லை. பக்கத்து எழுத்து நகர்ந்து வந்து அந்த இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது.

கலைவாணி அப்பாவைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள். தேவராஜ் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்தில் நின்றார்.

"இன்னாப்பா ஆச்சி?" என்று கலைவாணி கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. எங்க நைனாவ ஊருல எல்லாரும் இப்புடித்தான் கூப்புடுவாங்க. 'டே ருசா'. சின்னப் பசங்க கூட. ரேசன் கார்டு எழுத வந்தவன் பேரு இன்னான்னு எங்கள கேக்கல, பெரிய வூட்டுக்காரரத்தான் கேட்டான். ருசன்னு எழுதிக்கினு போயிட்டான்." தாளை மடிக்காமல் திருப்பிக் கொடுத்தார். "எங்கம்மா மட்டும்தான் முழுப் பேரு சொல்லும். அதுவும் சண்டையில."

அதைக் கேட்ட பிறகு அந்தத் தாளைக் குப்பையில் போடவும் எனக்குக் கை வரவில்லை, மேசையில் வைக்கவும் மனம் வரவில்லை.

அவர்கள் போன பிறகு எஸ்டிடி பூத்துக்குப் போனேன். போனில் பேசுவது எனக்குப் பெரிய கஷ்டம். நசீர் பாய் மாமியார் வீட்டு விசேஷத்துக்கு வாணியம்பாடி போயிருந்தார். அந்த நம்பரைக் கடைப் பையனிடம் வாங்கிப் பேசினேன்.

"அது பேஜாரு புடிச்ச எழுத்துண்ணே" என்றார். "அந்த ஃபாண்ட்ல 'இ'க்கு ஒரு நம்பரு குடுத்துட்டாங்க. இங்கிலீஷ் கணக்குல அந்த நம்பருல ஏற்கெனவே ஒரு சின்னக் கோடு குடியிருக்குது. வரி ஒடையற எடத்துல மட்டும் அது தல காட்டணும், மத்த எடத்துல மறஞ்சிக்கணும்னு அதுக்குச் சட்டம். உங்க மெஷின் 'இ'ய அந்தக் கோடுன்னு நெனச்சி, அச்சடிக்கறப்ப மறச்சிடுது. யார் மேலயும் தப்பில்லண்ணே."

"இவ்வளவு நாளா இந்தக் கோளாறு வரலியே."

"இவ்வளவு நாளா நீங்க 'இ' அடிச்சிருக்க மாட்டீங்க. அந்த எழுத்த வேற நம்பருக்கு மாத்தி, புது ஃபாண்ட் வந்திருக்குது. வர வாரம் வந்து தரேன்."

வாரம் தாண்ட முடியாது. ஞாயிறு விழா.

யோசித்துப் பார்த்தேன். பாய் சொன்னது சரி. கடற்கரை ஓட்டல், பெரியவர் கல்லறை, முருகன் துணை. எதிலும் தனி இகரம் வரவில்லை.

வியாழக்கிழமை காலை, கல்யாணப் பத்திரிகை ஃபாண்டிலிருந்து இரண்டு இகரத்தைப் பெரிதாக அடித்து, வெட்டி, ருசனுக்கு முன்னாலும் ல்லத்துக்கு முன்னாலும் ஒட்டிப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். தேவராஜ் வேலைக்குப் போகும் முன் வந்து நின்றார். தாளைக் கயிற்றில் மாட்டினேன். அக்கா கேட்டுக்குப் போய்த் திரும்பிக் கண்ணாடியைக் கழற்றினார். வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தார்.

"ஏழுமல, மொத எழுத்து மட்டும் வேற வூட்டுலேர்ந்து வந்து குந்திகினு கீதே. அழைக்காத விருந்தாளி மாதிரி."

எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. மற்ற எழுத்தெல்லாம் நிமிர்ந்து நிற்க, அது மட்டும் மினுக்கிக்கொண்டு வளைந்திருந்தது.

தேவராஜ் சைக்கிளைப் பிடித்துக்கொண்டே சொன்னார். "வுட்டுடுங்கம்மா. ருசன் இல்லம்னே இருக்கட்டும். அந்த ரெண்டாவது 'இ'க்கு மட்டும் எதுனா பண்ணுங்க. எல்லாரும் அப்புடித்தான கூப்ட்டாங்க. படிக்கறவங்களுக்கும் அதான் தெரியும்."

அக்கா கேட்டிலிருந்து திரும்பி நடந்து வந்தார். வந்து தேவராஜ் எதிரில் நின்று, கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"கூப்ட்டவங்க வூட்டு வாசல்லயா இந்தக் கல்ல வைக்கப் போற?"

அவர் சைக்கிள் ஹேண்டிலைத் திருப்பிப் பிடித்தார்.

"உன் வூட்டு வாசல்ல வைக்கற. நீ முப்பது வருசமா இன்னா முடிவு பண்ணி வச்சியோ அதான் அதுல இருக்கும். வேலைக்கு நேரமாவுது, கெளம்பு." பிறகு என் பக்கம் திரும்பினார். "இன்னொரு தாட்டி."

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். திரையில் அந்த எழுத்து இருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இல்லாத எழுத்து என்றால் போகட்டும் என்று விடலாம். இருக்கிறது, என் கண்ணுக்கு நேரே இருக்கிறது, தாளுக்கு மட்டும் வர மாட்டேன் என்கிறது. நான் பத்துப் பன்னிரண்டு வருஷமாகச் செய்த வேலை என்ன? ஒரு இடத்தில் இருக்கும் எழுத்தை இன்னொரு இடத்துக்குக் கை மாற்றுவது. தாளிலிருந்து கல்லுக்கு மாற்றத் தெரிந்தவன் கண்ணாடியிலிருந்து தாளுக்கு மாற்றக் கூடாதா?

இடப்பக்கம் வெறுமையாக விட்டு 'ருசன்' தாளை மறுபடி அடித்தேன். அந்தத் தாளைத் திரையின் மேல் வைத்தேன். பழைய டிவி மாதிரிப் பெட்டி அது. கண்ணாடியில் மின்சாரம் ஊறியிருக்கும். தாளை அருகில் கொண்டுபோனதும் பட்டென்று இழுத்து ஒட்டிக்கொண்டது. கை முடியெல்லாம் எழுந்து நின்றது. ஆனால் வெளிச்சம் போதவில்லை. லட்சுமி கதவைச் சாத்தி ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டாள். பட்டப்பகலில் வீடு இருட்டானதும் தாளுக்குப் பின்னாலிருந்து எழுத்துகள் எழும்பி வந்தன.

திரையில் இருந்த 'ரு' பெரிதாகவும் தாளில் இருந்த 'ரு' சின்னதாகவும் தெரிந்தது. அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தேன். ஒரு இடத்தில் இரண்டும் ஒன்றன் மேல் ஒன்று படிந்து ஒரே எழுத்தாயின. அதன் இடப்பக்கம், வெறுமையாக விட்ட இடத்தில், 'இ' வெளிச்சமாக நின்றது.

மொட்டைப் பென்சிலை எடுத்தேன். அழுத்தினால் தாள் நகரும் என்று லட்சுமி மூலைகளைப் பிடித்துக்கொண்டாள்.

"மூச்சு வுடாதீங்க" என்றாள்.

"நீ பேசாத."

முதல் தடவை எடுத்துப் பார்த்தால் எழுத்து ஒரு பக்கம் வீங்கியிருந்தது. அந்தக் காலத்துத் திரைக் கண்ணாடி தட்டை இல்லை, ஓரத்தில் வளைந்து போகும். எழுத்தை நடுத்திரைக்கு நகர்த்தி மறுபடி எடுத்தேன். அப்போது கரன்ட் போய்விட்டது. கம்பளியை எடுத்துவிட்டு இருவரும் வாசலில் விசிறிக்கொண்டு உட்கார்ந்தோம். கரன்ட் வந்ததும் மறுபடி கம்பளி, மறுபடி முதலிலிருந்து. 'ல்லம்' தாளுக்கும் அதே மாதிரி. முடிந்ததும் கோட்டுக்குள் கறுப்பு மையை நிரப்பிக் காயவைத்தேன். எது பிரின்டர் அடித்தது, எது கை எடுத்தது என்று பிரித்துச் சொல்ல எனக்கே கொஞ்சம் நேரம் பிடித்தது.

வெள்ளிக்கிழமை காலை தாளைக் கயிற்றில் மாட்டினேன். அக்கா கேட்டுக்குப் போனார். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். பிறகு, நான் அதற்கு முன் பார்த்தே இராத ஒன்றைச் செய்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளுக்கு மிக அருகில் வந்து அந்த இரண்டு எழுத்தையும் விரலால் தடவிப் பார்த்தார். விரல் நுனியில் ஒட்டிய மையைப் பார்த்தார்.  சேலைத் தலைப்பில் விரலைத் துடைத்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

கோதண்டம் கல்லைத் தலைகீழாகத் திருப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை நானும் லட்சுமியும் போனோம். எனக்குக் கூட்டம் என்றால் ஆகாது. பந்தல் ஓரமாக நின்றுகொண்டேன். கல் வாசலுக்கு மேல் பதித்திருந்தது, பூ போட்டிருந்தார்கள். சித்தாமூர் பக்கத்திலிருந்து வந்த வயதான உறவினர் ஒருவர் தெரு முனையிலேயே நின்று, "ருசா பையன் வூடு எதும்மா?" என்று கேட்டார். கலைவாணி எதிரே போய் அவர் கைப்பையை வாங்கிக்கொண்டாள்.

"தாத்தா, அங்க பாருங்க. இருசன் இல்லம்னு எழுதி கீதே, அதான்."

"இருசன்" என்று அவர் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "ஆமா, இருசன்தான். முனியம்மா அப்புடித்தான் கூப்புடும்." முனியம்மா என்பது தேவராஜின் அம்மா. தேவராஜ் பந்தலில் இலை போட்டுக்கொண்டிருந்தார். காதில் விழுந்தது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் ஒரே ஆளுக்கு இரண்டு இலை போட்டுவிட்டார்.

அதன் பிறகு நான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். வினோதினிக்காகத்தான் இதை எழுதுகிறேன். எந்தப் புது ஃபாண்ட் வந்தாலும், வேலையைத் தொடங்கும் முன் அகரத்திலிருந்து எல்லா எழுத்தையும் ஒரு தாளில் அடித்துப் பார்க்க வேண்டும். திரையில் பார்த்தால் போதாது, தாளில் பார்க்க வேண்டும். நான் அதற்கு ஆஜர்த் தாள் என்று பெயர் வைத்தேன். வாத்தியார் பேர் கூப்பிடுவது போல விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். வராதவர் யார் என்று அப்போதே தெரிந்துவிடும். நசீர் பாய் கொடுத்த புது ஃபாண்டுக்கு முதல் ஆஜர் எடுத்தேன். எல்லோரும் வந்திருந்தார்கள்.

இப்போது அந்தத் தொல்லையும் குறைந்து வருகிறது. எல்லாக் கடைக்கும் ஒரே டோக்கன் என்று வைத்துவிட்டார்கள். யுனிகோட் என்கிறார்கள். ஒரு எழுத்துக்கு ஒரு நம்பர், உலகம் முழுக்க அதே நம்பர், அதில் வேறு யாரும் குடியிருக்க மாட்டார்கள். வினோதினிக்குக் கட்டம் கட்டமாக வந்ததுகூட, நம் பழைய மெஷினில் அந்தப் புதுக் கடையை இன்னும் திறக்கவில்லை என்பதால்தான். திறந்ததும் சரியாகிவிட்டது.

எழுதித் தருகிறேன் என்று வினோதினியிடம் சொல்லிவிட்டு இத்தனை நாள் தள்ளிப்போட்டேன். இன்று உட்காரவைத்தது கலைவாணி. அவள் பொத்தேரி பக்கம் காலேஜ் முடித்துவிட்டு இப்போது கேளம்பாக்கத்தில் வேலை பார்க்கிறாள். ஆவணியில் கல்யாணம். காலையில் மெயிலில் பத்திரிகை அனுப்பி, "அண்ணா, அச்சுக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி உங்க வூட்டு பிரின்டர்ல ஒரு தாட்டி அடிச்சிப் பாருங்க" என்று கேட்டிருந்தாள். ஃபாண்ட் எதுவும் சேர்த்து அனுப்பவில்லை. திறந்தேன். அப்படியே தமிழில் திறந்தது. 'இருசன் – முனியம்மாள் இவர்களின் பேத்தி' என்று தொடங்கி, கீழே இடம் என்ற இடத்தில் 'இருசன் இல்லம்' என்று முடிந்தது.

எத்தனை இகரம் என்று லட்சுமி எண்ண ஆரம்பித்தாள். நான் அச்சடிக்கக் கொடுத்தேன். பழைய பிரின்டர் செத்துப்போய் இது வேறு பிரின்டர். ஆனாலும் தாள் வெளியே வரும் வரை எழுந்து நின்றுதான் பார்த்தேன். வந்தது. தாளைக் கயிற்றுக்கு எடுத்துப்போக எனக்கு இப்போது பட்டறை வேலை இல்லாததால் எங்கள் வாசல் கொடியில் கிளிப்பால் மாட்டினேன். தெருவுக்குப் போய்த் திரும்பி நின்று, கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு பார்த்தேன்.

எல்லோரும் ஆஜர். லட்சுமியிடம் டீ போடச் சொல்லிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

பூஞ்சேரி,
2009 ஆகஸ்ட் 2, ஞாயிற்றுக்கிழமை.